ஊற்று கலங்கியிருக்கிறதா என்று கேட்டவர்

செய்தி எனக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகத்தான் வந்தது. மலைமேல் சோளக்காடு சந்தையில் அன்னாசிப்பழம் விற்பவர்களை வீடியோ எடுத்து முடித்து, டிரோனைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். போனைத் திறந்தால் வரிசையாக எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஒரே படம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, பாதி மூடிய கண்ணோடு ஒரு சிரிப்பு. கீழே கறுப்புக் கட்டத்துக்குள் இரண்டு வரி இரங்கல். அந்தப் படம் நான் எடுத்தது. கொட்டும் மழையில் அவர் நனைந்துகொண்டு நின்றபோது எடுத்தது. யாரோ பின்னால் இருந்த மழையை அழித்துவிட்டு நீல வானத்தை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை பிறகுதான் வந்தது.

பக்கத்தில் மிளகு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனைக் காட்டினேன். அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கவே இல்லையாம், தூக்கத்திலேயே போய்விட்டாராம் என்றார். பிறகு மேற்கே மேகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஐப்பசி பொறக்கறதுக்குள்ள போயிட்டாரே சாமி."

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் புரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

பொன்னுரங்கம் என்பது அவர் பெயர். எங்களுக்கு ரங்கண்ணன். அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பட்டா நிலமாகப் பார்த்து வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி விற்றவர். ஒரு ரியல் எஸ்டேட்காரருக்கு ரசிகனா என்று என் சேனலில் நிறையப் பேர் கமெண்ட் போட்டிருக்கிறார்கள். ஆமாங்க, ரசிகன்தான். வெறித்தனமான ரசிகன். அவர் நடப்பது, நிற்பது, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இது அவர் புகழ் பாடுவதற்காக மட்டும் எழுதுவது இல்லை. அவர் இல்லாத முதல் மழை இது. வளப்பூர் நாட்டில் (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்), அவர் கட்டிய சாரல் நகரில், மலைச் சரிவுக்குக் கீழே என் அக்கா வீடு இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு விளம்பர வீடியோவுக்காக. டிரோன் ஓட்டுவது, எடிட்டிங் எல்லாம் நானே நெட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது. எடப்புளி நாட்டில் அவர் வாங்கியிருந்த ஒரு நிலத்தைப் படம்பிடித்துக் கொடுத்தேன். காலை வெயில், பனி விலகுவது, பின்னணியில் புல்லாங்குழல். எனக்கே அதைப் பார்த்தால் அங்கே வீடு வாங்கத் தோன்றும். அவர் கடைசிவரை பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அதை எங்கேயும் போடக்கூடாது என்றார்.

"மழையில எடுத்துட்டு வா கண்ணு. வெய்யில்ல எல்லா எடமும் நல்லாத்தான் இருக்கும்."

மழையில் டிரோன் பறக்காது என்றேன். நீ பறக்க வேண்டாம், நடந்து போ என்றார். அந்த மழைக்காலம் முழுக்க நடந்தேன். அவரும் கூடவே வந்தார். குடையைப் பிடித்திருப்பாரே தவிர, தலைக்கு மேல் பிடிக்க மாட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குடைக்கம்பியை நீட்டிக் காட்டுவதற்குத்தான் அந்தக் குடை. எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணைக் கரைக்கிறது, எந்த மரம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். ஒரு நிலத்தை ஒரு முழு மழைக்காலம் பார்க்காமல் விற்க மாட்டார். அந்த வருடம் மழை பொய்த்தால் நிலம் அடுத்த வருடம் வரை சும்மா கிடக்கும். கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வாங்க வருகிறவர்களுக்கு அந்த மழை வீடியோவைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தது நினைவிருக்கிறது. நல்ல இடம், உடனே முடித்துவிடலாம் என்று வந்தவர்கள். சேறும் தண்ணீருமாக ஓடும் என் வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கணவரின் காதில் ஏதோ சொன்னார். டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. ரங்கண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. பயந்துகொண்டு போகிறவர்கள் நல்லபடியாக இருப்பார்கள் என்றார். எதிர் ஆபீஸ் புரோக்கர் ஒருத்தர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கு எத்தனை பேரைத் துரத்தினீர்கள் என்று கேட்பார். இவர் சிரித்துக்கொள்வார்.

ஊர்க் காரியங்களிலும் அவர் அப்படித்தான், யாருக்கும் கணக்குப் பிடிபடாது. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் வாழையும் பலாப்பழமும் சுமந்துகொண்டு முதல் பேருந்தில் வரும் பெண்கள், சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒதுங்க இடம் இல்லாமல் இருந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். இடம் இல்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியில், ரோட்டு ஓரமாகத் தான் கட்டிக்கொண்டிருந்த கடை வரிசையில் முதல் கடையை இடித்துவிட்டு அங்கே கழிப்பறை கட்டினார். நல்ல வாடகை வரக்கூடிய இடம் அதுதான்.

அந்த எதிர் ஆபீஸ் புரோக்கர் விடுவாரா.

"ஏனுங்ண்ணா, மெயின் ரோட்டு மேல கக்கூசக் கட்டி வெச்சா, பக்கத்துக் கடைய யாருங்க வாடகைக்கு எடுப்பா?"

"கடைக்கு வர்ற பொம்பளைங்க நிம்மதியா நிப்பாங்க. அது தெரிஞ்சவன் எடுப்பான்."

அப்படியே நடந்தது, பக்கத்துக் கடை வாடகைக்குப் போனது. ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது வேறு. திறப்பு நாளில் வியாபாரிகள் அவர் பெயரைப் பொறித்து ஒரு கல் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார். வற்புறுத்தினார்கள். அப்போது அவர் முகம் மாறிப்போனது. நான் கேமராவை அவர் பக்கம் வைத்திருந்ததால் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இங்க என்ற பேரப் போட்டா, சாரல் நகர்லயும் போடோணும். அத மொதல்ல போட்டுட்டு வாங்க."

கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். எனக்கு அன்றைக்கு எதுவும் புரியவில்லை. சாரல் நகர் என்றால் எனக்கு அக்கா வீடு. பலா மரம், வாசலில் நின்றால் எதிர் மலை முழுக்கத் தெரியும், சமையலறைக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் குழாயில் தானாக வரும். மாமாவுக்கு மலையில் அரசாங்க வேலை. நாமக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, இந்த இடம் பிடித்துப்போய் இங்கேயே வீடு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கல் சுவர். அதற்கு மேல் சரிவு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மீதியை அவரே ஒரு நாள் ஜீப்பில் சொன்னார். வளைவு ஒன்றில் மூடுபனி அடைத்துக்கொண்டு, முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவதற்கு முன் குலதெய்வக் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் அந்தக் காரியத்தை விட்டுவிட வேண்டும். ரங்கண்ணன் ஒவ்வொரு நிலத்துக்கும் கேட்டார். வளப்பூர் நாட்டுச் சரிவுக்கும் கேட்டார். சிவப்பு வந்தது.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. கூட்டாளிகள் கோயில் வாசலிலேயே காத்திருந்தார்கள். குழந்தை தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இவருக்கும் அப்படித்தான் தோன்றியது. இலைகளை மறுபடி மடித்துப் போட்டார்கள். வெள்ளை வந்தது. பொங்கல் வைத்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"சாமி மறுக்காப் பதில் சொல்லாது கண்ணு. ரெண்டாந்தடவ கேட்டா, நாமதான் நமக்குச் சொல்லிக்கறோம்."

சொல்லிவிட்டு வைப்பரைப் போட்டார். கண்ணாடி துடைத்தும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைவு. அதனால் அந்த நிலத்தில் என்னதான் பிரச்சினை, மண்ணா, பாறையா என்று கேட்டேன். அதைத்தான் நான் பார்க்கவே இல்லை என்றார். சிவப்பு வந்தபோது திரும்பிப் போய் அந்தச் சரிவை ஒரு மழையில் பார்த்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டுப் பூவை மறுபடி போட்டேன் என்றார். சரிவுக்கு மேலே ஊற்று இருந்தது அவருக்குத் தெரியும். நல்ல தண்ணீர், வீட்டுக்கு வீடு கொடுக்கலாம் என்றுதான் நினைத்தாராம். அந்தத் தண்ணீர் மலைக்கு உள்ளே எந்த வழியாக வருகிறது என்று யோசிக்கவில்லை. அடிச்சரிவை வெட்டிச் சமன் செய்து, சுவர் கட்டி, வீடுகளை விற்றுவிட்டார்.

நான் அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஆட்கள் குடியேறிய பிறகு வந்த முதல் பெரிய மழையில், கல் சுவரின் ஒரு முனை வயிறு தள்ளி, பட்டப் பகலில் சரிந்தது. கடைசி வீட்டுச் சமையலறை சேற்றில் போனது. அந்த வீட்டு ராசாத்தியக்கா துணி எடுக்க வாசலுக்கு வந்திருந்ததால் பிழைத்தார். அடுப்பில் வைத்திருந்த பருப்பு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ரங்கண்ணன் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ரசிகனான ரங்கண்ணன் பிறந்தார். மழை பார்ப்பது, வீடியோ காட்டுவது எல்லாம் அங்கேதான் தொடங்கியது. சுவரைத் திரும்பக் கட்டினார், ஆனால் அதை நம்பவில்லை. கீழேயிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். அவர் கோடையில் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பலாப்பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெயிலில் வந்து பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கும் என்று ரங்கண்ணன் முணுமுணுத்தார். பிறகு யாரையும் கேட்கவில்லை. சோளக்காட்டுக்குப் பக்கத்தில் சமமான நிலம் வாங்கி, இரண்டு மழை பார்த்து, சாரல் நகர்க்காரர்கள் எல்லோருக்கும் அங்கே மாற்று வீடு கட்ட ஆரம்பித்தார். சிலர் போய்விட்டார்கள். மிச்சப் புது வீடுகள் கூரை போடாமல் நிற்கின்றன. அக்காவுக்கானதும் அதில் ஒன்று.

அதுவரை எங்களை எப்படிக் காப்பாற்றுவது. அதற்குத்தான் அந்த மண்டபம்.

சோளக்காடு போகும் வழியில் அவர் கட்டிய கல்யாண மண்டபத்தை ஐப்பசி, கார்த்திகையில் யாருக்கும் வாடகைக்கு விட மாட்டார். நல்ல முகூர்த்த மாதங்கள். மலையிலும் அடிவாரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் கேட்டுப் பார்த்துத் திட்டிவிட்டுப் போயிருக்கின்றன. பாய், போர்வை, அரிசி, சிலிண்டர் எல்லாம் உள்ளே தயாராக இருக்கும். ஆள் இருக்காது. இரவு முழுக்க முன்விளக்கு மட்டும் எரியும். மழையில் அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது, யாருமில்லாத மண்டபத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்களுக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

மழைக்காலத்தில் தினமும் விடிந்ததும் சாரல் நகரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வார். சாப்பாடு, சௌக்கியம் எதுவும் கிடையாது. ஒரே கேள்விதான்.

"ஊத்து கலங்கிருக்குதா?"

தெளிவாக இருக்கிறது என்றால் சரி என்று வைத்துவிடுவார். அவருக்குக் கலங்கலண்ணன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ராசாத்தியக்கா ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, நாங்க தூங்கறமா செத்துட்டமான்னு பாக்கறதுக்கா தெனமும் போனு?"

"ரெண்டும் ஒரே ராத்திரியில ஆயிரப்படாதுன்னுதான் அம்மிணி."

ஸ்பீக்கரைச் சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. ராசாத்தியக்காகூட.

கலங்கினால் என்ன, கலங்காவிட்டால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். கலங்கினால் உள்ளே மண் கரைகிறது, துணிமணியைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது என்றார். மழை கொட்டும்போது ஊற்று நின்றுவிடுவது. தண்ணீர் மலைக்குள் வேறு வழி தேடுகிறது என்று அர்த்தம். அப்போது என்னைக் கேட்காதீர்கள், செருப்பைத் தேடாதீர்கள், வந்துவிடுங்கள் என்றார்.

போன வருடம் ஊற்று நன்றாகவே கலங்கியது. எல்லோரையும் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். சில நாட்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் வந்தது. வீட்டுக்குத் திரும்பினால் சுவர் அப்படியே நின்றது. மாமாவுக்கு லீவு போனதில் எரிச்சல். கலங்கலண்ணன் நம்மையெல்லாம் நல்லாக் கலக்கிவிட்டார் என்று அவர் காதில் படும்படியே சொன்னார். ரங்கண்ணன் சரிவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

"நான் சொன்னது நடக்கலையின்னா என்னையப் பாத்துச் சிரிங்க. சிரிக்கறதுக்கு நீங்க இருக்கோணும்."

இந்த ஆவணியில் புது வீடுகளைப் பார்க்க வந்தபோதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்து, கூரை போடாத அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தைக்குள் எல்லோரும் குடிவந்துவிடலாம் என்றேன். தலையாட்டினார்.

"இந்த ஒரு மழை தாண்டிட்டாப் போதும் கண்ணு."

அந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, மலையிடம் கேட்டாரா, தெரியவில்லை.

அவர் போன அன்றைக்குக் காரவள்ளியில் அவர் வீட்டு வாசலில் அவ்வளவு கூட்டம். மலைமேலிருந்து தனியாகப் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். அவர் துரத்திவிட்ட அந்தக் கோயம்புத்தூர்த் தம்பதிகூட வந்திருந்தார்கள். சாரல் நகர்க்காரர்கள் நாங்கள் ஒரு ஓரமாகச் சேர்ந்து நின்றோம். ராசாத்தியக்கா அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொதுவாகக் கேட்டார்:

"இந்த வருசம் யாரு போன் பண்ணுவா?"

மாமா தரையைப் பார்த்தார். எங்களுக்கு மேலே இருந்த பந்தலில் முதல் தூறல் விழும் சத்தம் கேட்டது.

அவர் மகன் தினேஷ் வெளியூரில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர்தான். காரியம் எல்லாம் முடிந்த பிறகு மண்டபத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். அவர் அதைவிட மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடம் அப்பா ஏன் அதைப் பூட்டி வைத்தார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது, வந்த கல்யாணங்களைத் திருப்பி அனுப்பிச் சொந்தக்காரர்களிடமே கெட்ட பெயர் வாங்கினோம், இந்த ஐப்பசிக்கு இரண்டு முகூர்த்தம் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். போன வருடமும் ஒன்றும் நடக்கவில்லையே என்றார்.

மறுநாளிலிருந்து நான் போன் செய்ய ஆரம்பித்தேன். வீடியோ எடிட் செய்து மத்தியானம் வரை தூங்குகிற ஆள் நான். விடிந்ததும் எழுந்து வீடு வீடாக அதே கேள்வியைக் கேட்டேன். நான் கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள். குட்டிக் கலங்கல் என்றார்கள். தெளிவு, தெளிவு, தெளிவு என்றார்கள். ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. எங்கள் குழாயில் வரும் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. மழை விடவே இல்லை. அக்கா துணிகளை மூட்டை கட்டி வாசலருகே வைத்தாள். மாமா அந்த மூட்டைகளைத் தாண்டித் தாண்டி ஆபீஸ் போய்வந்தார்.

நேற்றுக் காலை நான் யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். குழாயைத் திறந்து வைத்திருந்தாள். வெளியே கூரை இடிந்து விழுவது போல மழை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்றுகூட வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமா டார்ச்சையும் குடையையும் எடுத்தார். குழாயில் இலை அடைத்திருக்கும், மேலே ஊற்று வரைக்கும் போய் மறுக்கா ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போன வருடம் லீவு போட்டு அவமானப்பட்டது அவர் மனதில் இருந்தது. அது நியாயம்தான். வாசற்படியில் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பில் ரங்கண்ணன் எனக்குச் சொன்ன பூக் கதையை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் மறக்கவில்லை.

"ஒருக்காக் கேட்டாச்சுங்க. பதிலு வந்துருச்சு. மறுக்காக் கேக்க வேண்டாம்."

மாமா அவளைப் பார்த்தார். பின்பக்கச் சுவரைப் பார்த்தார். சுவர் நன்றாகத்தான் இருந்தது. குடையைச் சாத்திவிட்டு, மூட்டையில் பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

நான் வீடு வீடாக ஓடிக்கொண்டே தினேஷுக்குப் போன் செய்தேன். ஊற்று நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"கடேசியா அப்பா என்கிட்டப் பேசுனதே மண்டபத்தப் பத்தித்தாங்க. ஐப்பசிக்குக் குடுத்துராதன்னாரு. நாந்தான் சரி சரின்னு போன வெச்சுட்டேன்."

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அடிவாரத்தில் வேறு இடம் பார்த்துக் கொடுப்பது தன் பொறுப்பு என்றார். வாட்ச்மேனிடம் சொல்லிவிடுகிறேன், மண்டபத்தைத் திறந்துகொள்ளுங்கள் என்றார்.

இதை அந்த மண்டபத்தில் உட்கார்ந்துதான் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முன்விளக்கு எரிகிறது. மணமேடையில் அக்கா பாய் விரித்திருக்கிறாள். ராசாத்தியக்கா பருப்பு வேகவைக்கிறார். இந்தப் பருப்பையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாரல் நகரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. ஆட்டுக்குட்டிகூட வந்துவிட்டது. மாமா தன் செருப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறதற்கு எல்லோரும் இருக்கிறோம்.

மழை நிற்கவில்லை. அந்தச் சரிவு இதை எழுதும் நிமிடம் வரை நிற்கிறதா, எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவும் மாட்டேன். கொஞ்சம் முன்பு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. இடியாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ரங்கண்ணனை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீல வானம் ஒட்டிய அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். மழையோடு இருக்கும் படத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன், அதைப் போடுங்கள். அவருடைய குடையைத் தினேஷ் என்னிடம் கொடுத்தார். குடை எனக்கு எதற்கு, அவருக்கே அது குடையாக இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். விடிந்ததும் எழுந்து, போனைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வீடாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நாளைக் காலை அதைக் கேட்பதற்குச் சாரல் நகரில் ஒருவரும் இல்லை. அவர் இத்தனை வருடம் கேட்டதும் இதற்காகத்தான்.